சட்டைக் கையின் நினைவாக

மனித குல முன்னேற்றத்தில் இரண்டு பெரிய கட்டங்கள் உண்டு. முதலாவது, மனிதன் டீசல் என்ஜினைக் கண்டுபிடித்தது. இரண்டாவது, எங்கள் முதலாளி தெராமேன் அதை மூங்கில் தட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தது. முதலாவதை உலகமே அறியும். இரண்டாவதைப் பற்றி எழுதும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது.

என் பெயர் மெரிலுஸ். ஹைட்டியின் தென்கரையில், பெல்-ஓம்பர் என்கிற சின்னச் சாராய ஆலையில் நான் 'பாரம்பரிய விளக்க அதிகாரி'. போன வருஷக் கரும்பு வெட்டு வரைக்கும் மாட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். பதவி உயர்வு வந்தபோது மாட்டை வாங்கிக்கொண்டு ஒரு வைக்கோல் தொப்பியைக் கொடுத்தார்கள். சம்பளம் அப்படியே இருந்தது. முன்பு மாட்டைத் திட்டலாம், இப்போது யாரையும் திட்ட முடியாது என்பதைத் தவிர பெரிய வித்தியாசம் இல்லை.

நாங்கள் கிளேரன் என்று சொல்லிக் குடித்துக்கொண்டிருந்ததை வெளிநாட்டார் 'ஆதி ரம்' என்று சொல்லி முகர்ந்து பார்க்கத் தொடங்கிய நாளிலிருந்து ஆலைக்கு யோகம் அடித்தது. குடிப்பவனுக்குச் சாராயம் போதும். முகர்பவனுக்கு வரலாறு வேண்டும். முதலாளி உடனே வரலாற்றை ஏற்பாடு செய்தார். ஓடைக்கரையில் வெள்ளைக்காரன் காலத்து நீர்ச்சக்கரம் ஒன்று பாதி மக்கிக் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்தி, புதுப் பலகை அடித்து, அந்தப் புதுப் பலகைமேல் சாணித் தண்ணீர் தெளித்துப் பழசாக்கினார். இப்போது மதகைத் திறந்தால் சக்கரம் சுற்றும். வெகு அழகாகச் சுற்றும். எதையும் சுற்ற வைக்காமல் சுற்றும். கரும்பைப் பிழியும் இரும்பு உருளைகளைச் சுற்றுவது, தட்டிக்குப் பின்னால் பூட்டிய அறையில் இருக்கும் டீசல் என்ஜின்தான். அதன் சாவி முதலாளியின் கால்சட்டைப் பையில் இருக்கும். "அது என்ன சத்தம்?" என்று யாராவது கேட்டால், "பக்கத்து ஊர் மாவு மில்லுங்க" என்று சொல்ல வேண்டியது என் உத்தியோகம். பக்கத்து ஊர் எங்கே இருக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

மதகைத் திறந்து மூடுவதற்கென்றே ஒரு 'மதகு அதிகாரி' உண்டு. அவர் பெயர் ஃபெனலோன். முன்பு உருளைக்குக் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கரும்போடு வலது கையின் மூன்று விரல்களையும் உருளைக்குக் கொடுத்துவிட்டார். அன்று பிழிந்த சாற்றைக் கொட்டிவிட்டதில் ஏற்பட்ட நஷ்டத்தை முதலாளி இன்றைக்கும் பெருமூச்சோடு நினைவுகூர்வார். விரல்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. மென்மையான மனசு.

ஃபெனலோன் நின்ற இடத்தில் அவர் மனைவி கிளெர்மீஸ் நின்றாள். நிற்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். கரும்பு வெட்டுகிறவர்கள், ஊறல் தொட்டிக்காரர்கள், அடுப்புக்காரர் எல்லாரிடமும் துட்டு வசூலித்தாள். கொல்லனிடம் போய், உடைந்த லாரியின் முன்கம்பியை வளைத்து, உருளைக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு தடுப்புக் கம்பி மாட்டினாள். லாட்டரிக் கடைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டை அதற்கு அடித்தாள். கரும்போடு கை உள்ளே இழுபட்டால் இடுப்பு அந்தக் கம்பியில் முட்டும். முட்டிய மாத்திரத்தில் என்ஜின் பெல்ட் கழன்று உருளை நின்றுவிடும். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் அதற்கப்புறம் எங்கள் ஆலையில் யாருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை. ஃபெனலோன் வீட்டில் ஒரு ஜோடிக் கைதான் முழுசாக மிச்சம் என்பது ஊருக்கே தெரியும். சோறு பொங்குவதும், துணி துவைப்பதும், ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பெண்களுக்குத் தலை பின்னிவிடுவதும், ஃபெனலோனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் அதே கைதான்.

இந்தச் சூழ்நிலையில்தான் யோரிஸ் துரை எழுந்தருளினார்.

துரை பெல்ஜியத்தில் பல் டாக்டர். ஆனால் பல் அவருடைய பிழைப்பு, வடிப்பது அவருடைய உயிர். கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு குட்டிச் செம்புக் கொப்பரை வைத்து ஓய்வு நேரத்தில் ரம் வடிக்கிறார். எங்கள் ஊரில் அப்படி வடிப்பவனை வேலை இல்லாதவன் என்போம். அங்கே அவருக்கு ஒரு ரசிகர் மன்றம் இருக்கிறது. கண்ட கண்ட தேசத்திலிருந்தெல்லாம் ஆட்கள் அவர் படம் பிடித்து இணையத்தில் போடுவதைப் பார்த்து, அவர் முகர்ந்ததையே வாங்குகிறார்கள். 'துரைக்குப் பிடித்துவிட்டால் இந்த வெட்டில் வடித்தது மொத்தமும் கப்பலேறும்' என்று முதலாளி எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னார்.

துரை வந்து இறங்கியதுமே முகர ஆரம்பித்தார். ஊறல் தொட்டியை முகர்ந்தார். சுவரை முகர்ந்தார். கரும்புச் சக்கையை முகர்ந்தார். என் பழைய மாட்டை முகர்ந்தார், அதுவும் பதிலுக்கு முகர்ந்தது. பிறகு அடுப்புக்காரர் ஒரு கோப்பையில் சூடாக வடிந்ததைக் கொடுத்தார். எங்கள் வழக்கப்படி, செத்தவர்களுக்காக மூன்று சொட்டைத் தரையில் விட்டுவிட்டுக் குடிக்க வேண்டும் என்று நான் விளக்கினேன். துரை கண்கலங்கி, முழுக் கோப்பையையும் தரையில் கவிழ்த்துவிட்டார். அடுப்புக்காரர் முகம் செத்தவர் முகத்தைவிட மோசமாகிவிட்டது. இன்னொரு கோப்பை கொடுத்தோம்.

துரை கண்ணை மூடி, வாயில் வைத்துக் கொப்பளித்து, ரொம்ப நேரம் யோசித்தார்.

"பழுத்த வாழை இருக்கு," என்றார். "தோல் செருப்பு இருக்கு. மழையில நனைஞ்ச ஆடு ஒண்ணு தூரத்துல போகுது."

முதலாளி பதறிப்போய் என் காதில், "எவன்டா ஆட்டை உள்ள விட்டது?" என்றார்.

"பாராட்டுறாருங்க முதலாளி."

"அப்படியா? அப்ப இருக்கட்டும்."

அடுத்துச் சக்கரத்தடிக்கு அழைத்துப்போனோம். ஃபெனலோன் மதகைத் திறக்க, தண்ணீர் விழ, சக்கரம் சுற்ற, துரை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இந்தச் சக்கரத்தோட நிதானம் உங்க ரம்மில அப்படியே இறங்கியிருக்கு. என்ஜின்ல பிழிஞ்ச சாறுன்னா நான் நாக்குல வெச்சதும் சொல்லிடுவேன்," என்றார். மூங்கில் தட்டிக்குப் பின்னால் என்ஜின் தடதடவென்று ஆமோதித்தது.

பிறகுதான் அவர் உருளைப் பக்கம் வந்தார். கிளெர்மீஸ் கரும்பு கொடுத்துக்கொண்டிருந்தாள். துரை படம் பிடிக்கக் கேமராவைத் தூக்கினார். இறக்கினார். முகம் சுருங்கிவிட்டது.

"அந்தச் சிவப்புக் கம்பி என்ன?" என்றார். நடுவில் நின்று மொழிபெயர்ப்பதும் என் உத்தியோகம்தான்.

"கை போகாம இருக்கிறதுக்கு," என்றாள் கிளெர்மீஸ்.

"தொழிற்சாலை மாதிரி இருக்கே. இவ்வளவு தூரம் வந்து நான் ஒரு தொழிற்சாலையைக் காட்டினா என் மன்றத்துக்காரங்க என்ன நினைப்பாங்க? படத்தோட ஆன்மாவே போயிடுது."

"கை போனா பரவாயில்லையா துரை?"

துரை சிரித்தார். நல்ல பற்கள். "நீங்க இதைப் பரம்பரை பரம்பரையா செய்யறவங்க. உங்க கைக்கு இயல்பாவே தெரியும். எங்க கை மாதிரி இல்லை."

அன்று சாயங்காலம் மாமரத்தடியில் 'ஆலோசனைக் கூட்டம்' கூடியது. எங்கள் ஆலையில் ஜனநாயகம் தழைத்தோங்குகிறது. முதலாளி எதையும் எங்களைக் கேட்காமல் செய்யமாட்டார். செய்தபிறகு கேட்பார். கூட்டம் தொடங்கும்போதே சிவப்புக் கம்பி கழற்றப்பட்டு ஊறல் கொட்டகைக்குப் பின்னால் கிடந்தது. கோழி ஒன்று ஏற்கெனவே அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"கம்பி தேவையா, பாரம்பரியம் தேவையா? யாருக்கு என்ன தோணுதோ தாராளமா சொல்லலாம்," என்றார் முதலாளி.

"கம்பி," என்றாள் கிளெர்மீஸ்.

"இதான் பிரச்சினை. உங்களுக்குச் சொந்தப் பாரம்பரியத்து மேலயே மரியாதை இல்லை. எங்கிருந்தோ வந்த மனுஷன் மதிக்கிறாரு."

"அவரு மதிக்கட்டும் முதலாளி. அவரு கை பத்திரமா ஊருக்குப் போயிடும். நான் நாளைக்கு இதே இடத்துல நிக்கணும். ரெண்டு கையும் வேணும் எனக்கு. வேற ஒண்ணும் கேக்கலை."

"கப்பல் ஏறினதும் மாட்டிடலாம்."

"நாங்க துட்டு போட்டுப் பண்ணின கம்பி அது."

"அதனாலதான் அசிங்கமா இருக்கு," என்றார் முதலாளி. கூட்டம் இனிதே நிறைவுற்றது.

கம்பி இருந்த இடம் வெறிச்சென்று இருந்ததால், அங்கே எதையாவது மாட்ட வேண்டும் என்று முதலாளிக்குக் கலையுணர்ச்சி பொங்கியது. சக்கரத்தோடு கூடவே கிடைத்த பழைய கைக்கோடாலி ஒன்று கிடந்தது. அதை உருளைக்குப் பக்கத்தூணில் ஆணியடித்து மாட்டினார். துரைக்கு அதைக் கண்டதும் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது.

"இது எதுக்கு? தேங்காய் வெட்டவா?"

நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பதவிக்குரிய கம்பீரத்தோடு விளக்கினேன். அடிமைக் காலத்தில் ஒவ்வோர் உருளைக்குப் பக்கத்திலும் இப்படி ஒரு கோடாலி தொங்கும். கரும்பு கொடுப்பவனின் கை மாட்டிக்கொண்டால், தண்ணீரை அடைத்துச் சக்கரம் நிற்பதற்குள் ஆள் முழுக்க உள்ளே போய்விடுவான். அதனால் பக்கத்தில் நிற்பவன் கையை மட்டும் வெட்டிவிடுவான். முதலாளிமார்களுக்கு ஆள் மிச்சம்.

துரை கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு நேர்மையான ஒரு பொருள்," என்றார். படமும் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் 'சரக், சரக்' என்று சத்தம் கேட்டது. கிளெர்மீஸ் கோடாலியைக் கழற்றிக் கொண்டுபோய் ஓடைக்கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். முதலாளி ஓடினார்.

"அடிப்பாவி, துருவைக் கெடுக்காத. அந்தத் துருவுக்கு என்ன வயசு தெரியுமா?"

"இதை எதுக்கு மாட்டி வெச்சிருக்கீங்க?"

"பார்வைக்கு."

"மாட்டி வெச்சிருக்கிற இடம் என் கைப்பக்கம். என் கையை வெட்டுறதுக்கு மொண்ணைக் கோடாலியா? அந்த மரியாதையாவது குடுங்க."

ஃபெனலோன் மட்டும் வந்து, மிச்சமிருந்த விரல்களால் கல்மேல் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். தீட்டி முடித்ததும் அவள் அதைத் திரும்பத் தூணில் மாட்டினாள். விளக்க அதிகாரியான நான் தொப்பியைப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் படப்பிடிப்பு. துரை ஓர் அதிசயச் சட்டை அணிந்து வந்தார். வெள்ளை லினன் துணி. கழுத்தில் சுருக்கு, தோளில் உப்பல், மணிக்கட்டில் லேஸ் தொங்கும் அகலமான கை. அந்தக் காலத்து ரம் ஆலை உடை என்று இணையத்தில் தேடி, சொல்லித் தைத்து வாங்கினாராம்.

கிளெர்மீஸ் மேலும் கீழும் பார்த்தாள். "மெரிலுஸ் அண்ணே, இந்தச் சட்டை போட்டவன் கரும்பு குடுத்ததே இல்லையே. குடுக்கச் சொன்னவன்ல இதைப் போட்டிருந்தான்."

"என்ன சொல்றாங்க?" என்றார் துரை.

"உங்களுக்கு ரொம்பப் பொருத்தமா இருக்காம்," என்றேன். மொழிபெயர்ப்பில் நான் இவ்வளவு உண்மையாக என்றுமே நடந்துகொண்டதில்லை.

துரை உருளைக்கு முன்னால் வந்து நின்றார். தானே தன் கையால் கரும்பு கொடுப்பதாகப் படம் எடுக்க வேண்டுமாம்.

"கையை மடிச்சு விட்டுக்கோங்க துரை," என்றாள் கிளெர்மீஸ்.

"மடிச்சா சட்டை தெரியாதே."

"கரும்பை நுனியில பிடிக்காதீங்க. போட்டதும் விட்டுடுங்க."

"கரும்போட ஒரு உறவு ஏற்படணும்னா கொஞ்சம் பிடிச்சிருக்கணும்," என்றார் துரை. கேமராவைத் தாங்கியில் நிறுத்திவிட்டு, உறவு ஏற்படுத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

முதல் கரும்பு நல்லபடியாகப் போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது கரும்பு லேஸைக் கூட அழைத்துக்கொண்டு போயிற்று.

துரை முதலில் சிரித்தார். பிறகு இழுத்தார். நல்ல லினன், கிழியவில்லை. உருளைக்கு அவசரம் கிடையாது. அது கொஞ்சம் கொஞ்சமாகச் சட்டைக் கையைத் தின்றுகொண்டே வந்தது. துரையின் இடுப்பு முன்னால் இழுபட்டது. முட்டுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"நிறுத்துங்க," என்று அலறினார். "நிறுத்துங்க."

பொதுவாக எங்கள் முதலாளி ஓடமாட்டார். அன்று ஓடினார். என்ஜின் அறையின் சாவியைக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்ஜின் அறையைத் தாண்டி, நேரே ஓடைக்கு ஓடினார்.

"மதகை மூடு. ஃபெனலோன், மதகை மூடு."

ஃபெனலோன் கடமை தவறாதவர். மதகை மூடினார். தண்ணீர் நின்றது. சக்கரம் மெல்ல மெல்ல, ரொம்ப நிதானமாக, துரை பாராட்டிய அதே நிதானத்தோடு நின்றது.

"நின்னுடுச்சு முதலாளி," என்று ஃபெனலோன் குரல் கொடுத்தார்.

உருளை சுற்றிக்கொண்டிருந்தது. பொய்யைச் சொல்லிச் சொல்லி ஏமாற்றியதில் நாங்கள் யார் யாரை ஏமாற்றினோமோ தெரியாது, முதலாளியை முழுசாக ஏமாற்றியிருந்தோம். அவர் நின்றுபோன சக்கரத்தையும் நிற்காத உருளையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "மூடியாச்சே, மூடியாச்சே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "சாவியைக் குடுங்க" என்று நான் தட்டியருகில் நின்று கத்தினேன். எந்தச் சாவி என்று கேட்டார்.

துரையின் விரல்நுனிக்கும் உருளைக்கும் நடுவில் ஒரு கரும்புக் கணு அளவுதான் இருந்தது.

கிளெர்மீஸ் தூணிலிருந்து கோடாலியை எடுத்தாள்.

துரை அதைப் பார்த்தார். நேர்மையான ஒரு பொருள் தன்னை நோக்கி வருவதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தவர்கள் இந்த நூற்றாண்டில் குறைவு. "வேணாம்," என்று அழுதார். "கையை வெட்டாதீங்க. நான் டாக்டர். எனக்குக் கை வேணும்."

"எல்லாருக்குந்தான் வேணும். அசையாம நில்லு."

ஒரே வெட்டு. உருளைக்கு முன்னாலிருக்கும் மரப்பலகையில் கோடாலி இறங்கியது. விரல்நுனிக்கு முன்னால் இழுபட்டு நின்ற துணி துண்டானது. அந்தத் துண்டை உருளை உள்ளே இழுத்து, பிழிந்து, மறுபக்கம் கரும்புச் சக்கையோடு தட்டையாகத் துப்பியது. துரை பின்னால் விழுந்தார். கையில் ஒரு கீறல்கூட இல்லை. துருப்பிடித்த கோடாலியாக இருந்திருந்தால் லினன் மசிந்திருக்காது, கை கூடவே போயிருக்கும்.

சக்கைக் குவியல்மேல் உட்கார்ந்து துரை தன் விரல்களை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். கிளெர்மீஸ் கோடாலியைத் துடைத்துத் தூணில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"நல்லா எண்ணிக்கோங்க துரை. சரியா இருக்கா? எங்க வீட்டுல எப்ப எண்ணினாலும் குறையுது."

முதலாளி வந்து சேர்ந்தார். துரையின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதார். ஃபெனலோனின் விரல்கள் போன அன்று நானும் அங்கேதான் இருந்தேன். அன்று முதலாளிக்கு ஜலதோஷம்கூட இல்லை.

நாகரிகம் இதற்கப்புறம் எங்கள் ஆலையில் புயல் வேகத்தில் நுழைந்தது. புத்தம் புதிய எஃகுத் தடுப்புக் கம்பி ஒன்று தலைநகரிலிருந்து லாரியில் வந்தது. கூடவே ஒரு பொறியாளரும் வந்தார். சிவப்புக்குப் பதில் தங்க நிறம் பூசினார்கள், படத்துக்கு நன்றாக இருக்கும் என்று. துரையே தன் மன்றத்தாரிடம், தான் பாரம்பரியத்தின் வாய் வரைக்கும் போய்விட்டு வந்ததாகப் பேசிப் படம் போட்டார். அந்த வெட்டில் வடித்தது மொத்தமும் கப்பலேறியது. இப்போது பாட்டிலில் ஒட்டும் சீட்டில் கோடாலிப் படம் இருக்கிறது. கிளெர்மீஸ் சம்பந்தமாகவும் முதலாளி ஒரு முடிவெடுத்தார். விருந்தினர் உடையைச் சேதப்படுத்தியதை 'இந்த ஒரு முறை' மன்னித்துவிட்டார். அவள் தங்கக் கம்பிக்குப் பின்னால் நின்று கரும்பு கொடுக்கிறாள். கேட்டது கிடைத்துவிட்டது. அவள் கேட்டதனால் கிடைக்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும். என்னிடம் ஒரு நாள் சொன்னாள்: "என் ரெண்டு கையைக் காப்பாத்தறதுக்கு அந்த ஆளோட ஒரு சட்டைக் கை வேண்டியிருந்துச்சு அண்ணே. இந்தக் கையால நானே வெட்டினேன்."

அந்தச் சட்டைக் கைத் துண்டு இப்போது எங்கள் ஆலை வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள், கரும்புக் கறையோடு தொங்குகிறது. கீழே பித்தளைத் தகடு. 'யோரிஸ் துரை அவர்களின் சட்டைக் கையின் நினைவாக.' வருகிறவர்கள் எல்லாரும் அதன்முன் கொஞ்ச நேரம் மௌனமாக நிற்கிறார்கள். நிற்கச் சொல்ல வேண்டியதும் என் உத்தியோகத்தில் சேர்ந்திருக்கிறது.

போன வாரம் வந்த கூட்டத்தில் ஓர் அம்மாள் ரொம்ப அக்கறையானவர். எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓடைப்பக்கம் ஃபெனலோன், இருக்கிற விரல்களால் மதகைத் திறந்துகொண்டிருந்தார். சக்கரம் அழகாகச் சுற்றியது.

"இந்தத் தங்கக் கம்பி எப்போ போட்டது?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"துரையோட சட்டைக் கை போனதும் போட்டதுங்க அம்மா."

"நல்லவேளை. அதுக்கு முன்னாடி இங்க யாருக்கும் எதுவும் ஆகலையே?"

நான் தொப்பியைக் கழற்றிக்கொண்டேன். பதவிக்குரிய கம்பீரத்தோடு விளக்கினேன்.

"பெரிசா ஒண்ணும் இல்லைங்க அம்மா. வெறும் விரல்தான்."